நாற்பதும் ஐந்தும் எவ்வளவு?

வீராணம் பாசனத்தில் சம்பா அறுவடைக் காலம். கீரப்பாளையத்து நெல் வியாபாரி ஒருவருக்கு நீங்கள் இணையப் பக்கம் எழுதித் தருகிறீர்கள் என்று வையுங்கள். காலையில் 40 மூட்டை, மாலையில் 5. இரண்டையும் கட்டத்தில் தட்டி மொத்தம் கேட்டால் 405 என்கிறது. கட்டத்தில் எதைத் தட்டினாலும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அது வெறும் எழுத்துதான். கூட்டச் சொன்னால் ஒட்டிக் கொடுத்துவிடும். கழிக்கச் சொன்னால் மட்டும் ஒழுங்காக 35 தரும்!

1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவம் எழுதிய மொழி அது. எதைக் கொடுத்தாலும் முரண்டு பிடிக்காது. அதே ஆண்டு வெளிவந்த பிஎச்பி மொழியும் அந்த ரகம்தான். '40 மூட்டை' என்ற எழுத்தோடு 5-ஐக் கூட்டச் சொன்னால், முன்னால் இருக்கும் எண்ணைப் பொறுக்கிக்கொண்டு, ஓர் எச்சரிக்கையோடு 45 என்று சொல்லும்.

இந்தத் தாராளத்தைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. சிதம்பரத்தில் படிக்கிற பையன் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பக்கத்தை ஓட வைக்கிறான் என்றால் இதனால்தான். அவனுக்கு வேலை கிடைத்துச் சென்னைக்குப் போன பிறகுதான் சிக்கல். அவன் எழுதியதைத் திறக்கும் அடுத்தவருக்கு, 'மூட்டை' என்ற பெயருக்குள் எண் இருக்கிறதா எழுத்து இருக்கிறதா என்று யார் சொல்வது?

டைப்ஸ்கிரிப்ட் சொல்லும். எண்ணா எழுத்தா என்ற வகைக் குறிப்பை ஜாவாஸ்கிரிப்ட்டோடு சேர்த்து மைக்ரோசாஃப்ட் 2012-இல் வெளியிட்ட மொழி அது. மொத்தம் என்பது எண் என்று அறிவித்துவிட்டு அதில் எழுத்தைப் போட்டால், தட்டும்போதே சிவப்புக் கோடு விழும். ஆனால் மூட்டை என்பது கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பமா, அதைவிடப் பெரியதா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல நல்ல பெயர்தான் வைக்க வேண்டும். பிரவுசருக்குப் போகுமுன் வகைக் குறிப்புகள் எல்லாம் உதிர்ந்து வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டாகிவிடும் என்பதால், சர்வரிலிருந்து வரும் தரவையும் நாம்தான் சோதித்து உள்ளே விட வேண்டும்.

இதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தைப் பிரித்துப் போட வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் தலையில் 'டிஎஸ்-செக்' குறிப்பு வரி ஒன்றைப் போட்டாலே விஎஸ் கோட் எடிட்டர் தவறுகளைக் காட்டத் தொடங்கும். பிஎச்பியில் ஏழாம் பதிப்பிலிருந்து, வகையில் கண்டிப்புக் காட்டும் 'ஸ்ட்ரிக்ட் டைப்ஸ்' இருக்கிறது. கோப்புக்குக் கோப்பு சேர்க்கலாம். பணமும் எடையும் கணக்காகும் கோப்பில் முதலில் கை வையுங்கள். ஒரு வாரத் திருவிழாப் பக்கத்துக்குப் பழைய வழியே போதும். உங்களுக்குப் பின் இன்னொருவர் திறக்கப்போகிற எதையும் வகை சொல்லியே எழுதுங்கள்.