வண்டலுக்கு ஒரு பக்கம்

135 ஏக்கர் ஏரியின் தரையில் ஒரு சென்டிமீட்டர் வண்டல் படிந்தால் எவ்வளவு மண் சேரும்? ஏறக்குறைய 5,460 கன மீட்டர். பத்து கன மீட்டர் பிடிக்கும் டிப்பரில் அள்ளினால் 546 நடை. கரையில் நடக்கப் போகிறவர் கண்ணுக்கு ஏரி நேற்று இருந்தபடிதான் இருக்கும். குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவிலும் அந்த 546 நடைக்கு ஒரு வரி இருக்காது.

135 ஏக்கர் என்று கற்பனையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் வாஷிங்டனை ஒட்டி, வர்ஜீனியா மாநிலத்து ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் இருக்கும் பார்க்ராஃப்ட் ஏரியின் பரப்பு அது. அலெக்சாண்ட்ரியா நகரத்தின் குடிநீருக்காக, ஹோம்ஸ் ரன் ஓடையை மறித்து 1915 வாக்கில் கட்டிய நீர்த்தேக்கம். நகரம் வளர்ந்து வேறு ஏற்பாட்டுக்குப் போனதும், 1950இல் மனை வணிகர்கள் வாங்கிக் கரையைச் சுற்றி வீட்டுமனை போட்டார்கள். இன்று ஆயிரத்துச் சொச்சம் வீடுகள். ஏரி அந்த வீட்டுக்காரர்களின் பொதுச் சொத்து. அதன் பாடும் அவர்கள் பாடு.

1972 ஜூனில் ஆக்னெஸ் புயல் கொட்டிய மழையில் கல்லணை நின்றது, அதை ஒட்டிய மண்கரை அறுத்துக்கொண்டு போனது. ஏரி வடிந்தது. அதுவரை தண்ணீர் மூடி வைத்திருந்த சேற்றுப் பரப்பு வீட்டு வாசல்களுக்கு எதிரே வெளியே வந்தது. கரையை மறுபடி கட்டவும் தூர் வாரவும் வேண்டிய பணம் சங்கத்திடம் இல்லை. உறுப்பினர்களிடம் கேட்கலாம், வரி போட முடியாது. அப்போது அவர்கள் செய்ததுதான் ஏரி பராமரிக்கும் நம் தொழிலில் இருப்பவர்கள் பாடமாகப் படிக்க வேண்டியது. மாநிலச் சட்டத்தில் இருந்த ஒரு வழியைப் பிடித்து, 1973இல் தங்கள் குடியிருப்பையே ஒரு நீர்ப்பிடிப்பு மேம்பாட்டு மாவட்டமாக ஆக்கிக்கொண்டார்கள். அதன் அறங்காவலர்களுக்கு வீடுகள் மீது வரி விதிக்கும் அதிகாரம் உண்டு. அணையும் தூர் வாரலும் சந்தாவிலிருந்து வரிக்கு மாறின. புயல் ஓய்ந்து அரை நூற்றாண்டு ஆகியும் அங்கே தூர் வாருவது நின்றபாடில்லை. அவர்கள் ஏரிக்குத் தண்ணீர் வரும் பரப்பு ஏறத்தாழ 14.5 சதுர மைல், ஏரியைப் போல 60 மடங்குக்கும் மேல். அந்த நிலத்தின் சாலைப் புழுதி, கட்டடப் பள்ளத்து மண், உதிர்ந்த இலை எல்லாம் ஓடையில் இறங்கி இங்கேதான் வந்து நிற்கின்றன. மேலே இருப்பவர்கள் ஏரிக்கு எதுவும் கட்டுவதில்லை. கரையில் வீடு வாங்கியவர் அவர்களுடைய மண்ணையும் சேர்த்தே வாங்கியிருக்கிறார்.

குடியிருப்பு ஏரி எதுவானாலும் அது ஒரு வண்டல் தொட்டி. ஓடும் நீர் நின்றால் சுமந்து வந்ததைக் கீழே போடும்; இதில் விதிவிலக்கு இல்லை. இதை ஒத்துக்கொண்டால் பராமரிப்பு என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் விலைப்பட்டியலே மாறிவிடும். இப்போது அதில் என்ன இருக்கிறது? நடு ஏரியில் விளக்கு வைத்த நீரூற்று. பாசிக்கு மயில்துத்தம். தண்ணீர் நீலமாகத் தெரிய ஒரு சாயம். களைக்குப் புல்கெண்டை. கரையோரப் புல் வெட்டு. எல்லாமே மேற்பரப்பில் ஓர் அடிக்குள் நடக்கும் வேலை. சங்கச் செயலாளர் கேட்பதும் அதையே, ஏனென்றால் பொதுக்குழுவில் அவரைக் கேட்பவர்கள் மேற்பரப்பைத்தான் பார்க்கிறார்கள். கேட்டதைக் கொடுத்தோம் என்று நாம் கை கழுவிக்கொள்வது நேர்மையாக எனக்குப் படவில்லை.

பாசியையே எடுத்துக்கொள்வோம். கனடாவின் ஒன்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லரும் குழுவும் ஓர் ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பக்கம் பச்சையானது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் நம் எல்லோருக்கும் பாடப்புத்தகத்தில் அறிமுகம். ஆனாலும் பாசி என்றதும் மருந்துக் கேனைத் தேடுகிறோம். மயில்துத்தம் பாசியைக் கொல்லும். செத்த பாசி மக்கும்போது ஆக்சிஜனைக் குடித்துவிடும்; வெயில் காலத்தில் ஒரே வீச்சில் ஏரி முழுக்க அடித்தால் மறுநாள் மீன் மிதக்கும். பாசி தின்றிருந்த பாஸ்பரஸோ தரைக்குப் போய், அங்கே ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பின் பிடியிலிருந்து நழுவி மேலே வரும். அடுத்த பாசிக்கு அதுவே தீனி. அடியிலிருந்து குமிழ் விடும் காற்றூட்டி இந்தச் சுற்றை ஓரளவு தணிக்கும். நீரூற்று பெரும்பாலும் தணிக்காது. அது தொடுவது மேல்நீரை மட்டும். இதைத் தெரிந்தவர்கள் நாம். வாடிக்கையாளருக்கு எழுத்தில் சொல்லியிருக்கிறோமா?

ஏரிக்குள் பாஸ்பரஸ் வரத்தைக் குறைக்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. புல்தரை உரத்தில் பாஸ்பரஸ் கூடாது என்று மினசோட்டா மாநிலம் சட்டம் போட்டு, 2005 முதல் மாநிலம் முழுக்க நடைமுறையில் வைத்திருக்கிறது. புதுப் புல்தரைக்கும் மண் பரிசோதனையில் குறை தெரிந்த இடத்துக்கும் விலக்கு உண்டு. ஒரு சங்கம் தன் விதிமுறையில் இதே வரியைச் சேர்க்கப் பொதுக்குழு தீர்மானம் போதும். ஒரு பருவத்து மருந்துச் செலவைவிட மலிவு.

பணத்துக்கு வருவோம். சங்கங்களின் நோய் ஊழல் என்பார்கள். என் பார்வையில் மறதிதான் பெரிய நோய். நிர்வாகக் குழு ஆண்டுக்கு ஆண்டு மாறும். தூர் வாரும் செலவு பதினைந்து, இருபது ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வந்து நிற்கும். இந்த ஆண்டு பொருளாளர் கட்டணத்தை ஏற்றாமல் பெயர் வாங்குவார். பின்னால் வருபவர் திட்டு வாங்குவார். உத்திரமேரூர்ச் சபைக்கு ஏரி வாரியம் என்று தனிக் குழுவே இருந்ததை முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. வாரியப் பெருமக்களின் பதவி அங்கேயும் 360 நாள்தான். ஆனால் பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள். குழு குறுகிய காலத்தது, கணக்கு தொடர்ந்து வருவது என்ற இரண்டையும் அவர்கள் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள். நம் சங்கங்கள் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டன.

ஃபுளோரிடாவில் 2021 ஜூனில் சர்ஃப்சைடு அடுக்குமாடி இடிந்து 98 பேர் இறந்தபின், மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள அடுக்குமாடிச் சங்கங்கள் கட்டமைப்புச் செலவுக்கு இருப்பு நிதி வைத்தே தீர வேண்டும் என்று அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. கூரைக்கும் தூணுக்கும் வந்த கட்டாயம் ஏரித் தரைக்கு வரவில்லை. அதற்கும் ஒரு விபத்து நடக்க வேண்டுமா? மிச்சிகனில் 2020 மே மாதம் ஈடன்வில் அணை உடைந்து, கீழே இருந்த சான்ஃபோர்டு அணையையும் கொண்டுபோனது. பெருவெள்ளத்தைக் கடத்தும் அளவுக்குக் கலங்கல் இல்லை என்பதை முக்கியக் காரணமாகச் சொல்லி 2018இலேயே ஈடன்வில் அணையின் மின் உற்பத்தி உரிமம் ரத்தாகியிருந்தது. அந்த அணை கரை வீட்டுக்காரர்களுடையது கிடையாது, தனியாருடையது. இருந்தும் ஏரிகளை மீட்கும் செலவில் ஒரு பங்கு சிறப்பு வரியாக அவர்கள் தலையில்தான் வந்தது.

தமிழ்நாட்டில் ஏரி அரசுடையது. குடியிருப்போர் நலச்சங்கம் அனுமதி கேட்டுத்தான் கரையில் கை வைக்க முடியும். ஆகவே பார்க்ராஃப்ட் வழியை இங்கே அப்படியே பெயர்த்து நடுவது நடவாத காரியம். சுற்றுச்சுவருக்குள் செயற்கைக் குளம் வெட்டி விற்கப்படும் வில்லாக் குடியிருப்புகளின் கதை வேறு. அங்கே குளம் சங்கத்தின் தலைப்பொறுப்பு. கட்டியவர் சாவி ஒப்படைக்கும் நாளில் குளத்தின் ஆழக் கணக்கையும் கேட்டு வாங்கும் சங்கங்கள் அரிது.

நம் வேலை இங்கிருந்து தொடங்குகிறது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எழுதும்போது முதல் இணைப்பாக ஆழ அளவைப் படம் இருக்கட்டும். அதே புள்ளிகளில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அளந்தால் படியும் வேகம் தெரிந்துவிடும். வேகம் தெரிந்தால் இருப்பு நிதிக்கு மாதம் எவ்வளவு என்பது வெறும் வகுத்தல் கணக்கு. வரத்துக்கால் ஏரியைத் தொடும் இடத்தில் சிறு வண்டல் குழி ஒன்று வெட்டி, ஆண்டுதோறும் அதை மட்டும் அள்ளச் சொல்லுங்கள். லாரி போகும் வழி விட்டு வெட்டுங்கள். அந்த வழியில் பூங்கா வந்துவிட்டால் பிறகு யாரும் பெயர்க்க மாட்டார்கள். நீரின் தெளிவை அளக்கும் செச்சி வட்டை இறக்கிப் பார்க்க ஓய்வு பெற்றவர் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தால் போதும், வாராவாரம் அளந்து எழுதிவைப்பார். நம் ஆட்களைவிட ஒழுங்காக.

அள்ளிய சேறு எங்கே போகும் என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஈரம் வடியப் பரப்பி வைக்க நிலம் வேண்டும். பெரும்பாலான குடியிருப்புகளில் அந்த நிலத்தில் இன்று டென்னிஸ் மைதானம் இருக்கிறது. பல்லாண்டு மயில்துத்தம் அடித்த ஏரியானால் வண்டலில் தாமிரம் சேர்ந்திருக்கும். தோட்டத்துக்கு எரு என்று கொடுத்து அனுப்ப முடியாமல், பரிசோதனைச் சீட்டோடு தொலைவிலுள்ள கிடங்குக்குப் போக நேரலாம். அப்போது தூர் வாரும் செலவோடு லாரி வாடகையும் கிடங்குக் கட்டணமும் சேர்ந்து வரும். மருந்து அடிக்கக் கையெழுத்து வாங்கும் தாளிலேயே இந்தச் செலவையும் ஒரு வரியாக எழுதிக் காட்டுங்கள்.