டர்போவின் காற்றை அறிவிக்கும் முள்



நகரத்திற்குப் பிழைக்க வந்த நம் குடும்பங்களில் லாரியை நம்பி அடுப்பெரிப்பவர்கள் உண்டு. ஒரு லாரி பாதி வழியில் நின்றுவிட்டால், அம்மாதத் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதனுடன் சேர்ந்து நின்றுவிடுகின்றன. ஆகவே இம்மாதம் லாரியில் பொருத்தத்தக்க ஒரு சிறு கருவியைப் பற்றி எழுத விரும்புகிறேன். அது டர்போவின் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர்.

எனக்கு நன்கு அறிமுகமான சகோதரர் ஒருவர், சொந்தமாக ஒரு பழைய லாரி வைத்திருக்கிறார். மைசூருவிலிருந்து குண்டலுப்பேட்டை, கூடலூர் வழியாக ஊட்டிக்குச் சரக்கு ஏற்றிச் செல்வார். ஒரு காலகட்டத்தில் கூடலூருக்கு மேலே ஏற்றத்தில் வண்டி இழுக்க மறுத்தது, கரும்புகை தள்ளியது. பந்திப்பூர் காட்டுச் சாலை 2009ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணி தொடங்கிக் காலை 6 மணி வரை மூடப்படுவதால், தாமதமாகத் திரும்பிய நாட்களில் அவர் லாரியிலேயே இரவைக் கழித்தார். ஒரு பட்டறையில் டீசல் பம்பில்தான் கோளாறு என்றார்கள். ஒரு மாதத் தவணைப் பணம் முழுவதும் பம்புக்கே செலவாயிற்று. ஆனால் வண்டி இழுக்கவில்லை. இறுதியில் வேறொரு முதிய மெக்கானிக், டர்போவிற்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாயின் கிளிப் தளர்ந்து காற்று கசிவதைக் கண்டுபிடித்தார். கிளிப்பின் விலை மிகவும் சொற்பம்!

டர்போ என்பது என்ன? வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்துகிறது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். காற்று கூடினால்தான் கூடுதல் டீசல் முழுவதும் எரியும். காற்று வழியில் கசிந்தால் இழுவை குறையும், புகை எழும், டர்போ அளவுக்கு மீறிச் சுழன்று தேயும். இக்குறைவை முன்கூட்டியே ஓட்டுநருக்கு அறிவிப்பது பூஸ்ட் மீட்டரின் முள். அதைப் பொருத்தும்போது மூன்று காரியங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, சென்சார் அமரும் இடம். இன்டர்கூலரைக் கடந்து காற்று என்ஜினுக்குள் நுழையும் மேனிஃபோல்டிலேயே அளக்க வேண்டும். அப்போதுதான் வழியிலுள்ள எல்லாக் கசிவும் முள்ளில் தெரியும். பல மேனிஃபோல்டுகளில் திருகால் அடைத்த துளை ஒன்று இருக்கும், அது போதும். இல்லையெனில், பழைய வண்டிகளில் மேனிஃபோல்டிலிருந்து டீசல் பம்புக்குச் செல்லும் சிறிய காற்றுக் குழாயில் டீ ஜாயின்ட் இட்டு இணைக்கலாம். அந்த ஜாயின்ட் கசியக் கூடாது. கசிந்தால் பம்ப் டீசலைக் குறைத்துவிடும். புதிதாகத் துளையிடுவதானால் மேனிஃபோல்டைக் கழற்றியே துளையிட வேண்டும். மாட்டியபடியே துளையிட்டால் உலோகத் துகள் சிலிண்டருக்குள் விழுந்து என்ஜினையே கெடுக்கும். அலுமினியத்தில் திருகும்போது மிகையாக இறுக்குவதும் ஆபத்து.

இரண்டாவது, மின்கம்பி. கனரக லாரிகளில் இருப்பது 24 வோல்ட். காருக்குரிய 12 வோல்ட் மீட்டரை வாங்கி மாட்டினால் கருகிப்போகும். சென்சாருக்குப் பெரும்பாலும் மூன்று கம்பிகள் இருக்கும். அதற்கு வேண்டிய 5 வோல்ட்டை மீட்டரே தரும். பேட்டரியிலிருந்து சென்சாருக்கு நேரடியாக இணைப்புக் கொடுக்கக் கூடாது. மீட்டருக்குச் செல்லும் இணைப்பைச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து எடுத்து, ஃபியூஸும் வைக்க வேண்டும். கம்பி சைலன்சர் குழாயைத் தொடாமல் செல்லட்டும். கேபினைச் சாய்த்துத் திறக்கும் வண்டியானால், சாய்க்கும்போது அறுபடாதபடி கம்பியைச் சற்றுத் தளர்வாக விட வேண்டும்.

மூன்றாவது, முள்ளைப் படிக்கும் அறிவு. பட்டறையில் வெறுமனே ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முள் சிறிதளவே ஏறும். டர்போவின் பலம் சரக்கேற்றி மேடு ஏறும்போதுதான் வெளிப்படும். பல லாரிகளில் அப்போது 1 முதல் 2 பார் வரை காட்டும். என்ஜினுக்கு என்ஜின் இது வேறுபடும். ஆகவே வண்டி நல்ல நிலையில் இருக்கும்போது, அதே சரக்கு, அதே மேடு, அதே கியரில் காட்டும் எண்ணைக் குறித்து வையுங்கள். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார். சுமார் 770 மீட்டர் உயரத்திலுள்ள மைசூருவில் 0.92, சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 0.77 மட்டுமே. இதனால் சிலவகை மீட்டர்கள், என்ஜின் நின்றிருக்கும்போது பூஜ்யத்திற்குச் சற்றுக் கீழே காட்டும். அது பழுதன்று.

ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ். 6 லாரிகளில் இந்தச் சென்சார் ஏற்கெனவே உள்ளது. அதன் கம்பியை வெட்டி இணைப்பு எடுக்காதீர்கள். சர்வீஸ் நிலையத்தில் ஸ்கேனர் மூலமாகவே அதன் அளவைப் பார்க்கலாம். மேலும், முள் உயர வேண்டும் என்பதற்காகப் பம்பின் திருகைத் திருப்பி டீசலைக் கூட்டுகிறவர்களும் உண்டு. மீட்டர் என்ஜினுக்கு பலம் தருவதில்லை. உள்ளதை உள்ளபடி சொல்வது மட்டுமே அதன் வேலை.

அந்தச் சகோதரரின் லாரியில் இப்போது மீட்டர் உண்டு. டீசல் கணக்கு எழுதும் நோட்டில், ஒவ்வொரு நடைக்கும் மேட்டில் கண்ட எண்ணை அவருடைய மனைவி எழுதி வைக்கிறார். சென்ற மாதம் இரண்டு நடைகளாக எண் குறைவதை முதலில் கவனித்தவரும் அவரே. திறந்து பார்த்தபோது ஏர் ஃபில்டர் தூசியால் அடைத்திருந்தது. அதை மாற்றினார்கள்; தவணைப் பணம் வீட்டிலேயே இருந்தது.