சித்திரக்காரர் கடை வைக்கலாமா?

"சித்திரம் தெய்விகக் கலை ஆயிற்றே, அதைக் கடையில் வைத்து விற்கலாமா?" என்று கேட்கும் பெரியவர்கள் நம்மிடையே எப்போதும் உண்டு. கலையின் மீது அவர்களுக்குள்ள மரியாதையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இப்படிக் கேட்பவர்களில் பலர் தம் ஆயுளில் ஒரு சித்திரத்தையேனும் விலை கொடுத்து வாங்கியவர்களா என்று விசாரித்தால், பதில் அவ்வளவு திருப்தியாக இராது.

புளியங்குடியை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் அந்த ஊர் எலுமிச்சம்பழத்துக்குப் பெயர் போனது. பழத்துக்கு மண்டி உண்டு, ஏலம் உண்டு, வெளியூர் வியாபாரிகள் வந்து மூட்டை மூட்டையாக வாங்கிச் செல்வதும் உண்டு. அந்த ஊர்க் கடைத்தெருவில், சித்திரம் தீட்டத் தெரிந்த ஓர் இளைஞர் சிறு அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் பெயர்ப் பலகை மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் பாதிப் பேர், "இதில் என்ன சம்பாதிக்கப் போகிறான்?" என்பார்கள். மீதிப் பேர், "கலையை விற்க வந்துவிட்டானே!" என்பார்கள். இந்த இரண்டு தரப்பாருக்கும் ஏற்ற பதில் வெகு தூரத்தில் இல்லை. புளியங்குடியிலிருந்து கிழக்கே சங்கரன்கோவில், கழுகுமலை வழியாகச் சென்றால் கோவில்பட்டி வருகிறது. பதில் அங்கே இருக்கிறது.

சித்திரக்காரர் சி. கொண்டையராஜு 1898-ஆம் ஆண்டில் பிறந்தவர். சென்னை அரசாங்கக் கலைப் பள்ளியில் முறையாகப் பயின்றவர். படிப்பு முடிந்தபின் உத்தியோகத்தில் அவர் மனம் நிலைக்கவில்லை. திருவண்ணாமலைக்குச் சென்று ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் தங்கினார். பிறகு நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து, மேடைக்கு வேண்டிய திரைச் சீலைகளை எழுதும் வேலையை மேற்கொண்டார். ஊர் ஊராகச் சென்ற அந்தக் குழு கோவில்பட்டியில் கலைந்தது. அது 1940-களின் தொடக்கம். கையில் தூரிகையைத் தவிர வேறு சொத்து இல்லாத அந்த மனிதர், குழு கலைந்த ஊரிலேயே தங்கி, மாணவர்களோடு சித்திரக் கூடம் நடத்தத் தொடங்கினார்.

ஆசிரமத்தில் இருந்தவர் கடைத்தெருவுக்கு வந்தது வீழ்ச்சி என்று சிலருக்குத் தோன்றலாம். விளைவைப் பாருங்கள். பக்கத்தில் இருந்த சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1920-களில் வேரூன்றி, தீப்பெட்டிக்கு வேண்டிய லேபிள்களை அச்சிடும் தேவையினால் அச்சுத் தொழிலும் வளர்ந்திருந்தது. அந்த அச்சகங்களுக்குக் காலண்டர்ப் படம் வேண்டியிருந்தது. படம் எழுத ஆள் வேண்டியிருந்தது. கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் எழுதிய லக்ஷ்மியும், ஸரஸ்வதியும், முருகனும், மீனாக்ஷி கல்யாணமும் தமிழ்நாட்டின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் சென்றன. இன்று உங்கள் வீட்டுப் பூஜை அறையில் இருக்கும் பழைய படத்தின் கீழ் மூலையைச் சற்றுத் துடைத்துப் பாருங்கள். அவருடைய கையெழுத்தோ, டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி. எஸ். அருணாசலம் போன்ற மாணவர்களின் கையெழுத்தோ தென்பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். கொண்டையராஜு 1976-ஆம் ஆண்டில் காலமானார். அவர் எழுதிய தெய்வங்களுக்கு இன்னும் கற்பூரம் ஏற்றப்படுகிறது.

இந்தப் படங்களுக்கு வேண்டிய உணர்ச்சி எங்கிருந்து வந்தது? கடை வைத்தவர்களுக்குக் கற்பனை வற்றிவிடும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கழுகுமலையில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த வெட்டுவான் கோவில் இருக்கிறது. மலைப் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்த அதிசயம் அது. தெற்கே திருக்குற்றாலத்தில் நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திரசபை, சுவர் நிறையச் சித்திரங்களோடு விளங்குகிறது. இத்தகைய சிற்பமும் சித்திரமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும் சீமை இது. அதோடு நாடக மேடை சேர்ந்துகொண்டது. காலண்டரில் அம்மன் நிற்கும் இடத்தைப் பாருங்கள்: இருபுறமும் தூண்கள், பின்னால் நந்தவனம், அதற்கும் பின்னால் மலையும் அருவியும். அப்படியே மேடையில் தொங்கிய திரைச் சீலை அது! தெய்வம் நம்மை நேருக்கு நேர் பார்ப்பதும், முகத்தில் விளக்கொளி விழுவதும் மேடையில் கற்ற வித்தையாகவே தோன்றுகிறது. வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்த வேலையே கற்பனைக்கு ஊற்றாயிற்று என்பதுதான் இதில் நாம் காணும் விசேஷம்.

ஆனாலும் கடை என்பது விளையாட்டல்ல. அதற்கும் நம் அருகிலேயே சான்று உண்டு. செங்கோட்டை வட்டாரம் முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அந்த ராஜ்யத்தின் கிளிமானூரில் 1848-ஆம் ஆண்டில் பிறந்த ராஜா ரவிவர்மா, அரசர்களும் திவான்களும் ஆதரித்த பெரும் சித்திரக்காரர். தம் படங்கள் ஏழை வீட்டுக்கும் செல்ல வேண்டும் என்று எண்ணி, 1894-இல் பம்பாயில் கல்லச்சு அச்சகம் ஒன்றைத் தொடங்கினார். அயல்நாட்டு இயந்திரம், ஜெர்மானியத் தொழிலாளர், ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒவ்வொரு கல் என்று செலவு ஏறிக்கொண்டே போயிற்று. நகரத்தில் பிளேக் நோய் வேறு பரவிற்று. அச்சகம் லோனாவ்லா அருகே மளவ்லிக்கு மாறிற்று. கடன் மட்டும் குறையவில்லை. முடிவில் அங்கே வேலை பார்த்த ஜெர்மானியரான ஷ்லைஷரிடமே அதை விற்றுவிட நேர்ந்தது. ரவிவர்மா 1906-இல் காலமானார். அவர் எண்ணம் மட்டும் தோற்கவில்லை. படங்கள் தேசமெங்கும் பரவின. லாபம்தான் வேறொருவர் கைக்குச் சென்றது.

இந்த இரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் பார்த்தால் புளியங்குடி இளைஞருக்கு உபயோகமான சில விஷயங்கள் கிடைக்கின்றன. முதலாவது, சக்திக்கு மீறி இயந்திரம் வாங்கிக் கடனில் அமிழ வேண்டாம். அறை சிறியதாக இருந்தால் என்ன? தூரிகையும் வர்ணமும் நல்லவையாக இருந்தால் போதும். இரண்டாவது, எந்த வேலையையும் இழிவாக எண்ண வேண்டாம். ஊர்ச் சித்திரக்காரர்கள் வெகுகாலம் செய்துவந்த வேலைகளைக் கணக்கிட்டால் நமக்கே வியப்பு உண்டாகும். கடைக்குப் பெயர்ப் பலகை எழுதினார்கள். புகைப்பட நிலையத்துக்குப் பின்திரை எழுதினார்கள். மங்கிப்போன சிறு புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கணக்கில் பெரிய சீலையில் கட்டம் போட்டு, காலமான தாத்தாவின் முகத்தைக் குடும்பத்துக்கு மீட்டுக் கொடுத்தார்கள். இந்தக் கடைசி வேலையைச் சாமானியமென்று யார் சொல்வார்கள்?

மூன்றாவது விஷயம் சட்டத்தைப் பற்றியது. இதைச் சித்திரக்காரர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். நம் நாட்டின் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, சித்திரம் தீட்டியவரே அதன் பதிப்புரிமைக்கு முதல் சொந்தக்காரர். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எழுதச் சொன்ன படமானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை பணம் கொடுத்தவருக்குப் போய்விடும். அந்த உரிமை சித்திரக்காரர் காலத்துக்குப் பிறகும் அறுபது வருஷம் நிலைக்கக் கூடியது. ஒரு படத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு வந்தவர்கள், அதே படம் லக்ஷக்கணக்கில் அச்சாகி விற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான். ஆகையால் வேலை ஒப்புக்கொள்ளும்போதே ஒரு சிறு காகிதத்தில், "மூலப்படம் உங்களுக்கு, பதிப்புரிமை எனக்கு" என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. எலுமிச்சை மண்டியில் கணக்குச் சீட்டு இல்லாமல் ஒரு மூட்டையும் நகர்வதில்லை. சித்திரம் மட்டும் சீட்டில்லாமல் ஏன் கைமாற வேண்டும்?

இவ்வளவு சொல்லியும் கடினமான ஒன்று மிஞ்சியிருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாஸ்டிக் விளம்பரத் திரைகள் வந்தன. ஒரு மணி நேரத்தில் இயந்திரம் அடித்துத் தள்ளும் பெரிய படத்தின் முன், இரண்டு நாள் ஏணி மேல் நின்று எழுதும் மனிதரால் விலையில் போட்டியிட முடியவில்லை. எத்தனையோ ஊர்களில் பலகை எழுதியவர்கள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். அவர்களோடு ஓர் எழுத்தழகும் போயிற்று. முன்பெல்லாம் பலகையில் இருக்கும் 'ழ'கரத்தின் சுழியைப் பார்த்தே, இது இன்னார் கை என்று ஊரார் சொல்வார்கள். இப்போது காஷ்மீரம் முதல் கன்னியாகுமரி வரையில் எல்லாப் பலகைகளும் ஒரே முகத்தோடு நம்மைப் பார்க்கின்றன.

இந்த நிலையில் ஒருவர் துணிந்து சித்திரக் கடை திறக்கிறார் என்றால், அந்தக் கடை பிழைப்பதும் பிழையாததும் அவர் கையில் மட்டும் இல்லை. நம் கையிலும் இருக்கிறது. சுதேசித் துணி வாங்க வேண்டுமென்று ஒரு காலத்தில் வீடு வீடாகச் சொல்லப்பட்டது. உள்ளூர்ச் சித்திரத்துக்கு அந்த நியாயம் பொருந்தாதா? கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் நாம் கொடுக்கும் பரிசுகளில், பிளாஸ்டிக் கடிகாரத்துக்குப் பதிலாக ஊர்ச் சித்திரக்காரர் எழுதிய படம் ஒன்று இருக்கலாம். புதுக்கடை திறக்கிறவர் பெயர்ப் பலகையைக் கையால் எழுதச் சொல்லலாம். பேரம் பேசும்போது, வர்ணத்தின் விலையை மட்டும் கணக்கிடாமல், அந்தக் கை பழகுவதற்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்பதையும் சேர்த்துக் கணக்கிடலாம். படத்தை வாங்கும்போது, "கீழே உங்கள் பெயரைப் போட்டுக் கொடுங்கள்" என்று நாமே கேட்கலாம். அதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார், சந்தோஷப்படுவார்.

சித்திரக்காரர் கடை வைக்கலாமா என்று இனி யாரேனும் கேட்டால், தாராளமாக வைக்கலாம் என்று சொல்லுங்கள். கூடவே, அந்தக் கடைக்கு அவரையும் ஒரு தடவை அழைத்துச் செல்லுங்கள்.