காற்றுக்குக் காத்திருத்தல்

கடலாற் பிரிந்த ஊர்களைக் கப்பலே ஒரு நாடாக்குகின்றது. இதற்குக் கிரேக்க நாடு சிறந்த சான்று. அந்நாட்டுக்குரிய தீவுகள் பல்லாயிரம். அவற்றுள் 200-க்கு மேற்பட்டவற்றில் மக்கள் வாழ்கின்றனர். ஏதென்சு நகரையடுத்த பிரேயசுத் துறைமுகத்திலிருந்து நாடோறும் கப்பல்கள் அத்தீவுகளை நோக்கிப் புறப்படுகின்றன. ஐரோப்பாவில் வாழும் நம் பழைய மாணவருள்ளும் கோடை விடுமுறையில் அங்குச் செல்வோர் உளராதலின், அப்பயணம் பற்றி எமக்குத் தோன்றும் கருத்தொன்றை ஈண்டு உரைக்க விழைகின்றோம்.

ஆடி, ஆவணி மாதங்களில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து 'மெல்தெமி' என்னும் காற்று வீசும். வானம் தெளிந்திருக்கும், வெயில் எறிக்கும், கடலோ கொந்தளிக்கும். காற்றின் வலிமை போபோட் அளவையில் 8-ஐ எட்டுமாயின், பெருங்கப்பல்களும் துறையை விட்டு நீங்கலாகாதெனப் பொதுவாகத் தடை விதிக்கப்படும். சிறு கலங்களுக்கும் விரைவுக் கலங்களுக்கும் அதனினும் குறைந்த காற்றிலேயே தடையுண்டு. முகிலும் மழையும் இல்லாதவிடத்துக் கப்பலை நிறுத்துவானேன் எனப் பயணிகள் சினந்துகொள்வர். அச்சினம் முறையன்று என்பதே எம் துணிபு.

1966ஆம் ஆண்டு மார்கழி 8ஆம் நாள், 'இராக்லியோன்' என்னும் கப்பல் கிறீற்றுத் தீவிலிருந்து பிரேயசு நோக்கிப் புயலினூடே சென்றது. செவ்வனே பிணிக்கப்படாத பார ஊர்தியொன்று அலைகளால் அலைப்புண்டு பக்கக் கதவைத் தகர்த்தது. கடல் உட்புகுந்தது, 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கிறீற்று மக்கள் அழுததோடு அமைந்தாரல்லர். 1967இல் சானியா நகரில், ஆயர் இரேனையோசு போன்றோரின் ஊக்கத்தால், எளிய மக்களும் தத்தம் சிறுபொருளைப் பங்காக இட்டுத் தமக்கெனக் கப்பற் கழகமொன்றை நிறுவினர். அக்கழகம் 2023இல் வேறொரு பெருநிறுவனத்துடன் இணையும்வரை நிலைத்தது. 2000ஆம் ஆண்டு புரட்டாதி 26ஆம் நாளிரவு, பாரோசுத் தீவருகே மற்றொரு கப்பல் பாறையில் மோதிற்று; 80 பேர் வரையில் இறந்தனர். பலத்த காற்றையும் பொருட்படுத்தாது அத்தீவின் மீனவர் தம் படகுகளிற் சென்று பலரை மீட்டனர். இவற்றையெல்லாம் அறிந்தார்க்குத் துறைமுகத்தில் நின்ற நாள் வீண்நாளாகத் தோன்றுமோ?

எனினும், காத்திருத்தல் எல்லார்க்கும் ஒரு தன்மைத்தன்று. விருந்தினர்க்கு அஃது ஒருநாட் சலிப்பு. தீவினர்க்கோ மருந்தும் மாவும் வாராமை. நக்சோசுக்கும் அமோர்கோசுக்கும் இடையிலுள்ள இராக்லியா, ஸ்கினூசா, டோனூசா முதலிய சிறு தீவுகளில் மாரிக்காலத்துப் பயணிகள் அருகிவிடுவர். ஊதியமில்லா இத்தகைய வழிகளைக் கிரேக்கர் 'மலட்டு வழிகள்' என்பர். அரசு உதவிப்பணம் ஈந்தே அவற்றிற் கப்பலை ஓடச்செய்கின்றது. இது வீண்செலவென்பாரும் உளர். மலையூருக்கு இட்ட தெரு எவ்வளவு வருவாய் தந்ததென்று எவரேனும் கேட்பதுண்டோ? தீவினர்க்குக் கடலே தெரு. காற்று மிக்கபோது கப்பலை நிறுத்துவது அரசின் கடனாயின், காற்றுத் தணிந்ததும் கப்பல் வருமென உறுதிசெய்வதும் அதன் கடனேயாம்.

காற்றினால் நேர்ந்த தாமதம் உலகுக்கு நன்மை பயந்த வரலாறும் அக்கடலுக்கு உண்டு. கி.மு. 399இல் சோக்கிரதருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டபோது, ஏதென்சிலிருந்து டெலோசுத் தீவுக்கு வழிபாட்டுக் கப்பலொன்று செல்லவிருந்தது. அது மீளும்வரை எவரையும் கொல்லலாகாது என்பது அந்நகரத்து நெறி. எதிர்க்காற்று வீசின் அப்பயணம் நீளும் எனப் பிளேற்றோ குறிப்பிடுகின்றார். அங்ஙனம் கிடைத்த நாட்களிலேயே அப்பெரியார் சிறையிருந்தவாறு தம் நண்பரோடு அறம் பேசினார்.

ஆதலின், அத்தீவுகளுக்குச் செல்லும் அன்பர்கள் திரும்பும் கப்பலுக்கும் விமானத்துக்குமிடையே ஒரு நாளையேனும் ஒதுக்கிவைப்பாராக. காற்றெழுந்து கப்பல் நின்றால், மாலுமியையும் துறைமுக அலுவலரையும் வையாதிருப்பாராக. தம்மருகே மூட்டை முடிச்சுகளுடன் அமைதியாக அமர்ந்திருக்கும் தீவினரை நோக்குவாராக. அவர்தம் பொறுமை உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடமாகும்.