குரல் கேட்க வேண்டுமா, குலை நடுங்க வேண்டுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் முழுவதும் படியுங்கள். பொறுமை இல்லாதவர்களுக்காகத்தான் பெரும்பாலும் இதை எழுதுகிறேன், அவர்கள் எப்படியும் படிக்கப்போவதில்லை.

என் பழைய மாணவர் ஒருவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நல்ல வேலையில் இருக்கிறார். வீட்டில் கதவு மாதிரி உயரமாக இரண்டு பிளானர் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு சப்வூஃபர். "தம்பி, ஹைபாஸ் ஃபில்டர் போட்டாயா?" என்று கேட்டேன். "வடிகட்டினா ஒரிஜினல் போயிடும் சார். ஸ்பீக்கருக்கு முழுசா போகட்டும், குறையுறதை சப் பார்த்துக்கும்" என்றார்.

இதே பதிலைத் திருவிழாவுக்கு மைக்செட் கட்ட வருபவர்களிடமும் கேட்டிருக்கிறேன். லட்ச ரூபாய் ஸ்பீக்கர்காரருக்கும் வாடகைப் பெட்டிக்காரருக்கும் ஒரே மூடநம்பிக்கை. நான் இயற்பியலில் பட்டம் வாங்கியவன் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துப் பிள்ளைகளுக்கு ஒலிப் பாடம் நடத்திய சாதாரண வாத்தியார். இதைப் புரிந்துகொள்ள அந்தப் பாடமே போதும்.

ஒரே அளவு சத்தம் வேண்டுமென்றால், அதிர்வெண் பாதியாகும்போது ஸ்பீக்கரின் அசைவு நான்கு மடங்காக வேண்டும். 160 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்று வையுங்கள். 80-ல் 4 மில்லிமீட்டர் வேண்டும், 40-ல் 16. இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பிளானரைப் பாருங்கள். அதில் பெட்டி கிடையாது, காகிதக் கூம்பு கிடையாது. மைலார் போன்ற மெல்லிய படலம், அதில் ஒட்டிய கம்பி, எதிரே காந்த வரிசை. இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் 1957-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த குவாட் ஸ்பீக்கர் காந்தத்துக்குப் பதில் நிலைமின்னழுத்தத்தால் இயங்கியது. அமெரிக்காவில் மினசோட்டாவின் ஜிம் வைனி 1969-ல் தொடங்கிய மேக்னபேன் காந்த வகை. குரலையும் வீணையையும் அவற்றில் கேட்டால் ஆள் எதிரே உட்கார்ந்திருப்பது போல இருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் படலத்துக்கு முன்னும் பின்னும் நகரச் சில மில்லிமீட்டர் இடம்தான் உண்டு. போதாததற்கு இரண்டு பக்கமும் திறப்பு. முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்பக்கம் இழுக்கிறது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். அவ்வளவு நீள அலைக்கு அரை மீட்டர் அகலப் பலகை ஒரு தடுப்பா? பின்பக்கத்து அலை சுற்றி வந்து முன்பக்கத்து அலையை அழித்துவிடும். படலம் உயிரைக் கொடுத்து ஆடும், காதுக்கு வந்து சேருவது கொஞ்சம்தான். அந்த ஆட்டத்தின் மேலேயே குரலும் சவாரி செய்வதால் குரலும் கலங்கும்.

ஹைபாஸ் ஃபில்டர் செய்வது எளிய வேலை. 80 ஹெர்ட்ஸில் வைத்தால் அதற்கு மேலே உள்ளதைப் போகவிடும், கீழே உள்ளதைத் தடுக்கும். ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு என்றால் 40 ஹெர்ட்ஸில் படலத்துக்குப் போகும் சக்தி 250-ல் ஒரு பங்குதான். தடுத்ததைச் சப்வூஃபர் எடுத்துக்கொள்ளும். அதற்கு லோபாஸும் அதே இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வெட்டி மற்றதை வெட்டாமல் விட்டால், நடுவில் இரண்டும் ஒரே சுரத்தைப் பாடி அந்த இடம் மட்டும் வீங்கும். பிளானர்காரர்கள் "சப் மெதுவா வருது, பேனலோட ஒட்ட மாட்டேங்குது" என்று குறைப்படுவதில் பாதி இந்த வீக்கம்தான். மீதி, அறையும் சப் வைத்த மூலையும்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. சிக்னல் போகும் வழியில் இன்னொரு கருவியை வைத்தால் அதன் இரைச்சலும் சேருமே என்பார்கள். மட்டமான கருவியானால் சேரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரும்பாலான பிளானர் ஸ்பீக்கருக்குள்ளேயே கீச்சுப் பகுதிக்கு ஒரு கெபாசிட்டர் போட்டு, வடிகட்டித்தான் விற்கிறார்கள். கம்பெனிக்காரன் வடிகட்டினால் ஒரிஜினல், நாம் வடிகட்டினால் கலப்படமா?

வீட்டுக்குள் நடப்பது அவர் காசு, அவர் காது. ஊரில் நடப்பது அப்படியல்ல. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

எங்கள் பகுதியில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, முடிவில் படுகளம், தீமிதி. அன்றைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். காதைக் கிழிக்கும், உண்மை. கூம்பு ஒலிபெருக்கி கூடாது என்று காவல்துறை சொல்வதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அந்தக் குழாய்க்கு ஒரு குணம் இருந்தது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் உருப்படியாகத் தர அதற்குத் தெரியாது. அதுவே ஒரு ஹைபாஸ் ஃபில்டர்! அதனால்தான் அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறிப் பாடிய பாட்டு, வார்த்தை வார்த்தையாக ஏரிக்கரை வரை கேட்டது.

இப்போது பெட்டிகள் வந்திருக்கின்றன. மேடைக்கு இரு புறமும் ஆள் உயரத்துக்கு பேஸ், அதன் மேலே டாப். இரண்டுக்கும் ஒரே சிக்னல் முழுசாகப் போகிறது. கதை சொல்பவர் மைக்கைத் தொட்டால் இடி இடிக்கிறது. "ப" என்று உதட்டைப் பிரித்தால் குண்டு வெடிக்கிறது. முகவீணைக்காரர் வாசிப்பது மிருதங்கத்தின் முழக்கத்தில் மூழ்கிப்போகிறது. குறைந்த அதிர்வெண் பலமாக ஒலித்தால், அதற்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளைக் காது பிடிக்காது. மெய்யெழுத்துகள் வாழ்வது அந்த மேல் பகுதியில், 2000 ஹெர்ட்ஸுக்கும் 4000-க்கும் நடுவில். பகை, படை, பசை மூன்றும் "ப-ஐ" என்றே வந்து விழும். பாரதத்தில் பகைக்கும் படைக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் என்ன கதை கேட்பது?

முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். விசைத்தறி ஓட்டி ஓய்ந்த பெரியவர்களும் அம்மாக்களும். தறிச் சத்தம் காதைக் கெடுக்கும்போது முதலில் கெடுவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. மெய்யெழுத்து வந்து சேரும் வாசலே அவர்களுக்குப் பாதி அடைத்துவிட்டது. மிச்சப் பாதியையும் நாம் பேஸ் வைத்து அடைக்கிறோம். கேட்டால், "பெரியவங்களுக்குக் காது கேக்காதுங்க சார், அதான் சவுண்டு கூட்டியிருக்கோம்" என்று பதில். கூட்டியது எதை? அவர்களுக்குத் தேவையில்லாததை.

சட்டம் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. ஆனால் அதை அளப்பது 'ஏ' அளவுகோலில். அந்த அளவுகோல் 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்துக் கணக்கிடும். 85 டெசிபலில் பேஸ் முழங்கினாலும் கருவி 55 என்று காட்டும். ஜன்னல் கண்ணாடி அதிரும், தாளில் எல்லாம் சட்டப்படி சரியாக இருக்கும்.

பேஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பறைக்கும் உருமிக்கும் அது வேண்டும். அதற்குத் தனி வழி இருக்கிறது. மிக்சரில் ஆக்ஸ் என்று ஒரு குமிழ் உண்டு. தாள வாத்தியத்தையும் சினிமாப் பாட்டையும் மட்டும் அதன் வழியாக பேஸுக்கு அனுப்பலாம். பேசும் மைக்குக்கு லோ கட் பொத்தானை அழுத்தினால் போதும், பல மிக்சர்களில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் வெட்டிவிடும். கிராஸ்ஓவரும் பல ஆம்ப்ளிஃபையர்களிலேயே இருக்கிறது. கூடுதலாக ஒரு பைசா செலவு கிடையாது. தறியில் நைசு நூலுக்கும் மோட்டா நூலுக்கும் ஒரே அச்சுக் கட்டுவோமா? நம் ஊர்ப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொத்தானைத்தான் யாரும் தொடுவதில்லை, ஏனென்றால் விழாக் குழு ஒப்பந்தம் பேசும்போது கேட்பது ஒரே கேள்வி: "பேஸ் எத்தனை?"

குழுவில் இருக்கும் தம்பிகளே, இந்த ஆண்டு வேறு மாதிரி கேளுங்கள். டாப்புக்கு ஹைபாஸ் எத்தனை ஹெர்ட்ஸில் வைப்பீர்கள் என்று கேளுங்கள். விழிக்கிறாரா, பதில் சொல்கிறாரா பாருங்கள். பிறகு கூத்துக்கு முன்னால் ஒரு சொல்வதெழுதுதல் வையுங்கள். மேடையில் ஒருவர் பத்துச் சொல் வாசிக்கட்டும், கடைசி வரிசையில் ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரு தறிக்காரப் பெரியவரும் காதில் விழுந்ததைச் சொல்லட்டும். பகை, படை, பசை மூன்றும் அதில் இருக்கட்டும். இருவரில் யாருக்காவது எட்டுக்குக் கீழே வந்தால் பேஸைக் குறைத்து, லோ கட்டை அழுத்தி, மறுபடி முதல் சொல்லில் இருந்து வாசியுங்கள்.