பாக்ஜான் புகட்டும் பாடம்

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. உள்நாட்டில் எண்ணெய் அகப்படும் இடங்களிலெல்லாம் அதை எடுத்துவிட வேண்டும் என்று மத்திய அரசு எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும், வனவிலங்குகளுக்கென ஒதுக்கிய காட்டின் அடியிலும் கிணறு தோண்டலாமா என்ற பிரச்னைக்கு இன்னும் திருப்திகரமான விடை கிடைக்கவில்லை.

அஸ்ஸாமுக்கு எண்ணெய்த் தொழில் புதிதல்ல. டிக்பாயில் 1889-லேயே எண்ணெய் கிடைத்தது. அம்மாநிலத்தின் டிப்ரு-சைக்கோவா தேசியப் பூங்காவுக்கு அடியில் ஏழு இடங்களில் எண்ணெய், எரிவாயு தேட ஆயில் இந்தியா நிறுவனத்துக்கு 2020 மே மாதத்தில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. பூங்காவுக்கு வெளியே நின்று பூமிக்குள் சாய்வாகத் துளையிடுவதால் காட்டுக்குத் தீங்கில்லை என்பது சொல்லப்பட்ட சமாதானம்.

அதே மாதம் 27-ந் தேதி பூங்காவின் அருகிலுள்ள பாக்ஜான் கிராமத்தில், அந்நிறுவனத்தின் 5-ம் எண் கிணறு கட்டுமீறி எரிவாயுவைக் கக்கியது. ஜூன் 9-ந் தேதி தீப்பற்றியது. தீயணைப்பு ஊழியர் இருவர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கானோர் வீடுவாசலை விட்டு நிவாரண முகாம்களில் தங்கினர். மாகுரி-மோட்டாபுங் ஏரியில் எண்ணெய் படிந்து மீன்கள் மடிந்தன. கிணற்றை அடியோடு அடக்க நவம்பர் 15-ந் தேதி வரை ஆயிற்று. இந்தக் கிணறும் பூங்காவுக்கு வெளியே இருந்ததுதான். எல்லைக்கோடு தீயையும் எண்ணெயையும் தடுத்து நிறுத்தவில்லை.

பூங்காவுக்கு அடியில் துளையிடுமுன் உயிரினங்களுக்கு ஏற்படக்கூடிய பாதிப்பை ஆராய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2017-ல் நிபந்தனை விதித்திருந்தது. அந்த ஆய்வு நடைபெறாததால், 2020 டிசம்பரில் கௌஹாத்தி ஹைகோர்ட் ஏழு இடங்களின் பணிக்குத் தடை விதித்தது. கோர்ட் சொன்ன பிறகுதான் நிபந்தனை நினைவுக்கு வரும் என்றால், அனுமதி வழங்கும் இலாகா எதற்கு?

2020 ஜனவரியில் எண்ணெய் தேடும் பணிகளுக்குப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டியதில்லை என விதி தளர்த்தப்பட்டதும் கவலைக்குரியது. காவிரி டெல்டா விவசாயிகள் இதை வன்மையாக எதிர்த்தனர். தஞ்சையின் நன்செய்க்கும் அஸ்ஸாமின் ஏரிக்கும் நியாயம் ஒன்றே.

உள்நாட்டு எண்ணெயால் அந்நியச் செலாவணி மிச்சமாகும்; அது நல்லதே. ஆனால் உள்நாட்டுக் கச்சா எண்ணெயின் விலையும் உலகச் சந்தையை ஒட்டியே அமைவதால், மாதச் சம்பளக்காரரின் பஸ் கட்டணம் இதனால் குறைந்துவிடப் போவதில்லை. விபத்து நேர்ந்தால் நஷ்டமோ, கிணற்றருகே வாழும் மீனவர், விவசாயியின் தலையில்தான் விழுகிறது.

ஆகவே, முதலில் ஆய்வு, அடுத்து மக்களின் கருத்து, அதன் பிறகே அனுமதி என்பது மாறாத விதியாக வேண்டும். நஷ்டஈட்டுக்கான தொகையையும் முன்கூட்டியே கட்டச் செய்ய வேண்டும். பூமிக்கு அடியில் உள்ள எண்ணெய் எங்கும் ஓடிவிடாது. அழிந்த காட்டையும் ஏரியையும் எந்த அரசாங்கத்தாலும் திரும்ப உண்டாக்க முடியாது.