பல் எடுத்தலும் காலத் தாழ்வும்

பல் போனால் சொல் போயிற்று என்பது பழமொழி. ஆயினும், வலி தோன்றிய பின்னரே பெரும்பாலோர்க்குப் பல்லைப் பற்றிய நினைவு வருகிறது. அப்பொழுதும் முதலில் நாடப்படுவன கிராம்பும், புகையிலையும், கடை மாத்திரையுமே. சிலர் ஆஸ்பிரின் மாத்திரையை ஈறின்மீது அடக்கி வைத்து அவ்விடத்தைப் புண்ணாக்கிக் கொள்கின்றனர். சில நாள்களில் வலி அடங்கினால் நோய் தீர்ந்தது என்று கருதுகின்றனர். பல்லின் உள்ளே இருக்கும் நரம்பு மடிந்து போவதாலும் வலி அடங்கக்கூடும். அந்நிலையில் நோய் வேரின் நுனியைக் கடந்து எலும்பினுள் பரவத் தொடங்கியிருக்கும்.

இத்தாமதத்திற்கு முதற்காரணம் அச்சம். 1844 ஆம் ஆண்டில் ஹொரேஸ் வெல்ஸ் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர், நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்து தம் பல்லையே எடுக்கச் செய்து, வலியின்றிப் பல் எடுத்தல் இயலும் என்று காட்டினார். இன்று பெரிதும் பயன்படும் லிடோகெயின் என்னும் மருந்து 1940-களில் சுவீடனில் உருவாயிற்று. இதனை ஊசி வழியே செலுத்தினால் சில நிமிடங்களில் அப்பகுதி மரத்துவிடும். அழுத்தம் தெரியுமேயன்றிக் கூரிய வலி தெரியாது. ஆனால், சீழ் கட்டி வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை மிகுவதால் இம்மருந்து முழு வலிமையுடன் செயற்படுவதில்லை. ஆகவே, வலிக்கு அஞ்சிக் காலம் கடத்துபவரே பெரும்பாலும் வலியை மிகுதியாக அனுபவிக்கின்றனர். அவர் கூறும் அனுபவம் அண்டை வீட்டாரையும் அச்சுறுத்துகிறது.

மற்றொரு காரணம், மேல்தாடைப் பல்லை எடுத்தால் கண் பார்வை குன்றும் என்னும் நம்பிக்கை. பல்லின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டு செல்வது ஐந்தாம் மூளை நரம்பின் கிளை. காட்சியைக் கொண்டு செல்வதோ இரண்டாம் மூளை நரம்பு. இவை வெவ்வேறானவை. நடுவயதிற்குப் பின் பல்லும் பழுதுறுகிறது; பார்வையும் குறைகிறது. ஒரே காலத்தில் நிகழ்வதனால் ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாகிவிடாது.

தாமதத்தின் விளைவு சில வேளைகளில் உயிருக்கே கேடாக முடியும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ், நாவின் அடியிலும் கழுத்திலும் பரவி மூச்சுக் குழலை அடைத்துவிடலாம். தாடையின் கீழ் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க இயலாமை, விழுங்குவதில் துன்பம் ஆகியன தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

பல்லை எடுத்துக்கொள்வோரை அறியாமை உடையவர் என்று இகழ்வது முறையன்று. பல்லைக் காக்கும் வேர் சிகிச்சைக்குப் பன்முறை செல்ல நேரலாம், பொருட்செலவும் மிகுதி. நாட்கூலி பெறுபவர் ஒரே நாளில் முடியும் வழியைத் தேர்வது இயல்பே. அவ்வாறு எடுப்பதாயின், பதிவு பெற்ற மருத்துவரிடமே செல்ல வேண்டும். சாலையோரத்தில் பல் பிடுங்குவோரிடம் அன்று. நீரிழிவு, இதய நோய், இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மருந்து ஆகியவற்றை முன்னரே அவரிடம் கூறுதல் வேண்டும்.

எடுத்த குழியில் உறையும் இரத்தமே புண்ணை ஆற்றும் மூடி. ஆதலின் முதல் 24 மணி நேரம் வாயைப் பலமாகக் கொப்புளித்தலும், காறித் துப்புதலும் கூடா. பீடியும் புகையிலையும் புண் ஆறும்வரை விலக்கத்தக்கன.

ஆசிரியர் கடமை இதனினும் முந்தியது. ஏறத்தாழ ஆறு வயதில், பாற்பல் எதுவும் விழாமலே, அவற்றின் பின்னால் முதற் கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதனையும் பாற்பல் என்று எண்ணிப் பெற்றோர் சொத்தையைப் பொருட்படுத்துவதில்லை. விழுந்தால் மீண்டும் முளைக்காத நிலைப்பல் அது. வகுப்பில் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். கரும்புள்ளி கண்டவுடன் அனுப்பினால், பெரும்பாலும் பல்லை அடைத்துக் காத்துவிடலாம். கன்னம் வீங்கிய பின் அனுப்பினால் எடுப்பதே வழியாகிவிடக்கூடும். பிள்ளை ஒன்று நிலைப்பல்லை இழக்குமாயின், அதில் மருத்துவர் கையிலுள்ள குறட்டைக் காட்டிலும் சுற்றியுள்ள பெரியோரின் கவனக் குறைவிற்கே பங்கு மிகுதி.